கூரையில்லாத தேவாலயத்தில் ஒரு மட்டன் ரோல்ஸ்

லண்டனில் வெயில் எறிக்கும் மத்தியானங்களில் ஆட்கள் கல்லறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள். வந்த புதிதில் இதைக் கண்டு முகம் சுளித்தவன் நான். பிறகு கவுன்சிலின் கட்டிடப் பகுதியில் வேலை கிடைத்து, செத்தவரின் பெயரைப் படித்தபடியே மத்தியானச் சாப்பாட்டை விழுங்க நானும் பழகிவிட்டேன். அது எவ்வளவு விசித்திரம் என்று மறுபடி தெரிய, என் தங்கை மலர் வர வேண்டியிருந்தது.

2009 ஆவணி. ஊரில் சண்டை ஓய்ந்த ஆண்டு. ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்த மலர், விசிட் விசாவில் விம்பிள்டனுக்கு என்னிடம் வந்தாள். கணவன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அரியாலையில் ஷெல் பட்டுக் கிடக்கும் எங்கள் வீட்டைத் திருத்தி அங்கேயே போய் இருக்கப் போவதாக வந்த அன்றே சொன்னாள். நானும் கூட வர வேண்டுமாம்.

எனக்கு வேறு திட்டம். மனைவி காலமான பிறகு என் வீட்டில் என்னோடு சத்தம் போடுவது தேத்தண்ணிக்குக் கொதிக்கும் கேத்தில் மட்டும்தான். இவளை எப்படியாவது இங்கே நிறுத்திவிட வேண்டும். அதை நேராகக் கேட்கத் தைரியம் இல்லாததால் உத்தியோகத்தைத் துணைக்கு அழைத்தேன்.

“உடைஞ்ச சுவரிலை கூரை ஏத்தினா தலையிலைதான் விழும். வாழ்க்கை முழுக்கச் சுவர் பாத்தவன் சொல்லுறன்.”

அந்தச் சுவரை நான் போட்டோவில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

லண்டனைக் காட்டினால் மனம் மாறுவாள் என்று நம்பினேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நம்மவர்கள் காட்டும் லண்டன் ஒன்றுதான்: அரண்மனை வாசல், பெரிய மணிக்கூடு, திறந்து மூடும் பாலம், கடைசியில் பிள்ளையார் கோயில். அரண்மனைக் கம்பிக்கு முன்னால் நான் நின்ற தடவைகளுக்கு அரண்மனைக்காரரே எனக்கு ஒரு பென்சன் தரலாம். மலர் எல்லாவற்றையும் பார்த்து, “வடிவாயிருக்கு” என்றாள், பல் வைத்தியரிடம் வாய் திறப்பவளைப்போல.

“அண்ணை, இஞ்சையும் ஜேர்மன்காரன் குண்டு போட்டு எரிஞ்சதெண்டு பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான். அந்த இடங்கள் எங்கை?”

எரிந்த இடமெல்லாம் கட்டி எழுப்பி, மேலே கண்ணாடிக் கட்டிடங்களும் வந்தாயிற்று. முன்பு எப்போதோ சாப்பிட உட்கார்ந்த ஒரு தேவாலயம் மட்டும் ஞாபகம் வந்தது. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி மொனியுமென்ட் ஸ்டேஷனில் இறங்கினோம்.

கூரை இல்லை. கறுத்த சுவர்கள் நின்றன. யன்னல் வளைவுகளில் கொடி ஏறியிருந்தது. மர வாங்குகளில் அலுவலகக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு வாங்கைப் பிடித்து, பையிலிருந்த மட்டன் ரோல்ஸை எடுத்துக் கடித்துவிட்டுத் திரும்பினால், மலர் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வருகிறாள்.

“அண்ணை! கோயிலுக்குள்ளை ஆட்டிறைச்சியோ?”

“இது இப்ப பார்க்.”

“ஆண்டவர் உங்களிட்டைச் சொல்லிப்போட்டே எழும்பிப் போனவர்?”

பக்கத்து வாங்கிலிருந்த வெள்ளைக்காரர் எழுந்து, காலில் காயமா என்று கேட்டார். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டு, செருப்பு கடிக்கிறது என்றேன். அவர் பையைத் துழாவி ஒரு பிளாஸ்டரை எடுத்து நீட்டினார். மலர் அதைத் திருநீறு வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள்.

பிறகு சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். கறுத்த கல்லோடு வெள்ளைக் கல் சேர்ந்த இடத்தில் கை நின்றது.

“எப்ப எரிஞ்சது?”

“நான் கைக்குழந்தையா இருக்கேக்கை.”

“அண்டையிலிருந்து கூரையில்லாமலே நிக்குதோ?”

“ஓம்.”

“அப்ப எங்கடை சுவர் மட்டும் ஏன் அண்ணை விழும்?”

வாயில் ரோல்ஸ் இருந்ததால் கொஞ்ச நேரம் தப்பினேன். விழுங்கியதும் உண்மை வெளியே வந்தது. “தனிய இருக்கேலாமல்தான் சொன்னனான்.”

“அது எனக்கு வந்த அண்டே தெரியும். அதுக்குத்தானே உங்களையும் வரச் சொல்லுறன்.”

முழங்கால், பிரஷர் குளிசை, ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வீடு உடைந்து கிடக்கும்வரை, நான் திரும்பாமலிருக்க ஒரு நல்ல காரணம் இருந்தது. நம்மவர்களோடு கூடி உட்கார்ந்து ஊரைப் பற்றிப் பெருமூச்சு விடும்போதெல்லாம் அந்த இடிபாட்டைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறேன். அதைத் திருத்திவிட்டால் நான் எதைக் காட்டுவது? இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐப்பசியில் அவள் தனியாகவே போனாள். மார்கழியில் ஒரு காலை தொலைபேசி அடித்தது.

“அண்ணை, பழைய சுவரெல்லாம் உறுதியாம். உங்கடை அறையிலை மட்டும் ஒரு சுவர் புதுசாக் கட்டுறம். யன்னல் எந்தப் பக்கம் வைக்க? மேசன் நிக்கிறார், கெதியாச் சொல்லுங்கோ.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போனோடு அறையின் நடுவில் நின்று, அந்த வீட்டு வாசலை மனதில் வைத்து மெல்லச் சுற்றித் திரும்பினேன். என் அலுமாரியை நோக்கிக் கையை நீட்டி, “இந்தப் பக்கம்” என்றேன்.

“எந்தப் பக்கம் அண்ணை?” என்றாள்.

நான் கையை இறக்காமல் நின்றேன்.