அம்மனுக்குக் கேன் தண்ணீர்

முடிச்சூர்ப் பக்கம் சானிட்டரி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த முதல் வாரமே, ஏரிக்குள் குழாயை விட்டுச் செப்டிக் டேங்க் கழிவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த லாரி ஒன்றைப் பிடித்தேன். கரைமேல் இருக்கும் அம்மன் கோயில் தர்மகர்த்தாவின் லாரி அது.

அந்த ஏரியையே அம்மனாகக் கும்பிடும் ஊர். கரையில் செருப்பு போடக் கூடாதாம். என்னையும் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு மலச்சேற்றில் நின்று நோட்டீஸ் எழுதினேன்.

தர்மகர்த்தா நிதானமாக வந்தார். "இன்னா மேடம், அவ தாயி. எவ்ளோ ஊத்துனாலும் தாங்கிக்குவா. தாய்க்கு ஏது தீட்டு?"

கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாலையே மேலதிகாரி போன் செய்து லாரியை விடச் சொன்னார். அதன்பின் பிடித்தபோதெல்லாம் அதே கதைதான்.

ஆடித் திருவிழா வந்தது. அபிஷேகத்துக்கு வேனிலிருந்து கேன் தண்ணீர் இறக்கினார்கள். வருஷா வருஷம் கரகம் எடுக்கும் பூக்காரி செல்வி அக்கா பக்கத்தில் நின்றார். ஏரித் தண்ணீர் அம்மனுக்கு ஆகாதா என்று அவரிடம் கேட்டேன். அவர் குடத்தோடு ஏரியில் இறங்கி, மொண்டு வந்து தர்மகர்த்தா முன்னால் வைத்தார். நாற்றம் தாங்காமல் கூட்டம் பின்வாங்கியது.

"இத அவ தலையில ஊத்துண்ணா. முடியலன்னா உன் லாரி இனிமே இங்க வரக்கூடாது. நீ அதுக்கு ஒத்துக்கிற வரைக்கும் நான் கரகம் தூக்க மாட்டேன்."

அன்றோடு லாரி நின்றது. என் நோட்டீஸால் முடியாததை ஒரு குடம் முடித்துவிட்டதென்று மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதம் பக்கத்து ஏரியிலிருந்து புகார் வந்தது. போய்ப் பார்த்தால் அதே லாரி, அதே டிரைவர். தர்மகர்த்தாவைப் போனில் பிடித்தேன். "அங்க நம்ம அம்மன் இல்லியே மேடம்" என்றார், ஒன்றும் புரியாதவளுக்குச் சொல்வதுபோல.

இந்த முறை லாரியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, எஃப்.ஐ.ஆர். போட வைத்த பிறகே ஆபீசுக்குத் திரும்பினேன். மறு வாரம் எனக்கு டிரான்ஸ்ஃபர்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பக்தியைக் குறைத்துப் பேசாதீர்கள், அது ஓர் ஏரியைக் காப்பாற்றியதை நான் பார்த்தேன். ஆனால் கும்பிட ஆளில்லாத ஏரிக்கு உங்களை விட்டால் வேறு நாதியில்லை.