தென்கிழக்கே திரும்பிய ஆன்டெனா

டிவி மெக்கானிக் என்று போர்டு மாட்டியிருந்தாலும், அந்த நாட்களில் என் பிழைப்பில் பாதி கூரை மேல்தான் நடந்தது. "தெரியுதா?" என்று மேலிருந்து தொண்டை கிழியக் கத்தி, "இப்ப இருந்துச்சு, போயிருச்சு" என்று கீழேயிருந்து பதில் வாங்கிய சகோதரர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

கை காட்டிப் போனவர்கள்

எண்பத்தேழில் நம் அமைதிப் படை இலங்கைக்குப் போனபோது, ராஜபாளையத்தில் அவசர அவசரமாக டிவி வாங்கியவர்களில் செல்லத்தாய் அக்காவும் ஒருவர். அவருடைய ஒரே மகன் முருகேசன் அந்தப் படையில் இருந்தான். ஆன்டெனாவை வடக்கே கொடைக்கானல் டிவி டவர் பக்கம் கட்டிவிட்டு இறங்கினேன். செய்தியில் பட்டாளத்துக்காரர்கள் கை காட்டிக்கொண்டே போனார்கள். அக்கா திரையை ஒட்டி உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார். "தொப்பியப் போட்டு மூஞ்சிய மறைச்சிருக்கானுவ. எம்மவன் ஒருக்கத் திரும்பிப் பாத்தாம்னா கண்டுக்கிடுவேன்."

ஓரத்தில் நின்றவன்

அடுத்த வாரமே கூப்பிட்டனுப்பினார். படத்தில் ஒரு குறையும் இல்லை. செய்தியில் வரிசையாக நின்ற சிப்பாய்களில் கடைசி ஆள் பாதிதான் தெரிந்தானாம். தோள் மட்டும் முருகேசன் தோள் மாதிரியே இருந்ததாம். ஆன்டெனாவைச் செத்த கிழக்கே திருப்பினால் அவன் முழுசாகத் தெரிவான் என்பது அக்காவின் கணக்கு. அங்கே கேமரா காட்டுகிற அளவுதான் இங்கே வரும் என்று பெரிய பாடமே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ திருப்புனதுக்குப் பொறவுதான தம்பி, மனுசங்களே தெரிஞ்சாக?"

கட்டுக்குள் உள்ளது

கொஞ்ச நாளில் அங்கே சண்டை மூண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் நெட்டைக் குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி இலங்கை டிவியையே பிடித்துக் கொடுத்தேன். சிங்களத்தில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் புள்ளி புள்ளியாகத் தெரிந்த புகையையும் லாரிகளையும் பார்க்கத் தெருவே கூடியது. நம் செய்தியில் நிலைமை கட்டுக்குள் உள்ளது என்கிறார்களே என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கட்டுக்குள்ள இருக்க ஊருக்கு எதுக்குல பட்டாளம்?"

புகை

முருகேசனிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சேதி கேள்விப்பட்டு, தன் வீட்டு ஆன்டெனாவையும் அப்படித் திருப்பச் சொன்னார் அக்கா. ஏறித் திருப்பிவிட்டு இறங்கி வந்தேன். படம் பிடிபட்டதும் முதலில் வந்ததே எரிந்துகொண்டிருந்த ஒரு லாரி. வேண்டாமக்கா, பழையபடி வடக்கே வைத்துவிடுகிறேன் என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும்யா. கை காட்டிட்டுப் போறத எம்புட்டு நாளைக்குப் பாக்க?"

மறுபடியும் ஓரம்

முருகேசன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாலும், உயிரோடு வீடு வந்து சேர்ந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது. படையில் மீதி இருந்தவர்களும் திரும்பிக்கொண்டிருந்த சமயத்தில், ஆன்டெனாவை மறுபடி வடக்கே வைக்கக் கூப்பிட்டார்கள். கூரை மேல் நின்று "தெரியுதா?" என்றேன். "தெரியுதுண்ணே, பட்டாளம் கப்பல்ல வந்து எறங்குது" என்றான் முருகேசன். உடனே அக்காவின் குரல்: "தம்பி, செத்த கெழக்க!" முருகேசன் சிரித்தான்: "எம்மா, நாந்தான் இங்கன இருக்கேன்ல. இன்னும் யாரத் தேடுத?" அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ இருக்கடா. ஓரத்துல ஒருத்தன் பாதியா நிக்கான் பாரு, அவன் ஆத்தா தேடிக்கிட்டு இருப்பாள்ல?"

இந்தத் தடவை பாடம் எடுக்காமல் குழாயைக் கிழக்கே திருப்பினேன். கேமராவைத் திருப்ப என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை, என் அதிகாரமெல்லாம் ஆன்டெனாவோடு சரி.