சிவக்காத சக்கரம்

மதகுக் கல்லில் சக்கரம் இடித்த சத்தம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நான் அப்போது காருக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். கரும்பு வெட்டும் காலம். பாகூர் ஏரிக்கரைச் சாலையில் எதிரே ஒரு கரும்பு வண்டி வந்தது. வண்டிக்காரர் சுமையின் மேல் படுத்துத் தூங்க, மாடுகள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சாலையின் நடுவே நடந்து வந்தன. சித்தப்பா ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்தார். மாட்டின் மேல் படவில்லை. ஆனால் இடப்பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாக மதகுக் கல்லில் மோதின. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன. சித்தப்பா இறங்கிக் குனிந்து சக்கரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவரும் ஒரு சொல்தா. லாரியும் ஜீப்பும் பழுது பார்க்கும் பட்டறையில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்று, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், அந்த ஒரு காரை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். எலுமிச்சை நிறம், இரண்டே பேர் உட்காரலாம், தரையோடு தரையாக இருக்கும். அம்மா ஒரே ஒரு முறை ஏறிவிட்டு, “கெணத்துல எறங்கற மாரி இருக்குது, நம்மால ஆவாது” என்று சொல்லிவிட்டார். சக்கரம் இரும்பு இல்லை. அலுமினியத்தோடு வேறு எதையோ கலந்து வார்த்தது, அலாய் வீல் என்பார் சித்தப்பா. இன்று மதகடிப்பட்டு சாலையில் போகும் கார்களில் பாதிக்கு அதுதான். அன்று, சித்தப்பாவைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று அழைத்த எங்கள் ஊருக்கு அது ‘முசே காரோட எவர்சில்வர் சக்கரம்’.

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அவர்களுடைய அம்மா இறந்தபோது தந்தி கொடுத்தும் சித்தப்பா வரவில்லை. ஒரு கடிதமும் இல்லை. மறு வருடம் காரோடு வந்து வாசலில் இறங்கியவரை அப்பா ‘வா’ என்று சொல்லவில்லை. அறை ஒழித்துக் கொடுத்தார், சோறு போடச் சொன்னார், பேச்சு மட்டும் கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும். “கேளு உங்க சித்தப்பன, கொழம்பு ஊத்தணுமான்னு” என்பார் அப்பா. “கொஞ்சம் ஊத்தலாம்னு அண்ணங்கிட்ட சொல்லும்மா” என்பார் சித்தப்பா. இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. நான் தொடக்கப் பள்ளியில் டீச்சர். பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தால் வீட்டில் இந்த உத்தியோகம் வேறு. ஒருநாள் எரிச்சலில் இருவருக்கும் எதையும் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அன்று சித்தப்பா குழம்பு இல்லாமலே சாப்பிட்டு முடித்தார்.

அந்தப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் படைக்கும்போதும் அப்பா தம்பியைக் கூப்பிடவில்லை. அதோடு சித்தப்பாவுக்கு வெறுத்துவிட்டது. பிரான்ஸுக்கே திரும்பிவிட மெட்ராஸில் காரைக் கப்பலேற்ற ஏற்பாடு செய்துவிட்டு அம்மாவிடம் வந்து, “நான் போறன் அண்ணி” என்றார். போயிட்டு வரேன் என்றுதான் யாரும் சொல்வார்கள். அம்மா பதறிப்போய், “வரன்னு சொல்லுப்பா” என்றார். அவர் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் அது கேட்டது. இனி இந்த வீட்டில் காலெடுத்து வைக்க மாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. கடைசியாக வில்லியனூர் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பியபோதுதான் மதகில் இடித்தோம்.

முன் சக்கரத்துக்கு ஸ்டெப்னி இருந்தது. பின் சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை. விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருந்தது. பஞ்சர் கடையில் டியூபை ஒட்டிக் காற்றடித்தார்கள். மடங்கிய விளிம்பு மறுபடியும் அதைக் கடித்துவிட்டது. புதுச்சேரியில் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டியதும் மயிரிழை போல ஒரு கோடு விழ, இதற்கு மேல் தொடமாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். புதுச் சக்கரம் பிரான்ஸிலிருந்து வரவேண்டும். அதற்குள் கப்பல் போய்விடும். காரை விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை. வெளியே போய் அத்தனை வருடம் உழைத்ததற்கு அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான். சக்கரத்தை மாட்டுக் கொட்டகைப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பாவும் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். ஒருநாள் காலையில், என்னிடம் சொல்கிறாரா மாட்டிடம் சொல்கிறாரா என்று தெரியாமல், “சக்கரம்னா சக்கரந்தான், மோட்டாருக்கு மட்டும் இன்னா தனி?” என்றார். எங்கள் வீட்டில் வருடா வருடம் கரும்பு வெட்டுக்கு முன்னால் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டையைக் கழற்றி மறுபடி ஏற்றுவார்கள். பட்டையைத் தரையில் கிடத்தி, கீழும் மேலும் வரட்டியை அடுக்கித் தீ வைப்பார்கள். பழுத்துச் சிவந்ததும் நீளக் குறட்டால் தூக்கி மரச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். அதில் அப்பாதான் தலைவர். “செவந்துட்டா இரும்பு சொன்னபடி கேக்கும்” என்பார். இந்தச் சக்கரத்தையும் சிவக்கக் காய்ச்சி விளிம்பை நிமிர்த்திவிடலாம் என்பது அவர் கணக்கு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “கூடப் பொறந்தவன அனுப்பி வைக்க அம்மாம் அவசரமா உனக்கு?” என்று கேட்டார். “போறவன் வண்டியாவது நல்லபடியா போவட்டும்” என்றார் அப்பா.

வண்டிக்காரர்கள் எல்லோரும் ஆலைக்குப் போயிருந்தார்கள். களத்தில் அப்பா, சித்தப்பா, நான் மட்டும். சக்கரத்தை வைத்து அப்பா தீ மூட்டினார். புகை கிளம்பியது. திடீரென்று, “டேய், சும்மா நிக்கறியே, அந்தப் பக்கம் வரட்டிய அடுக்குடா” என்றார். சித்தப்பா தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. குனிந்து அடுக்கினார். வேலை என்று வந்துவிட்டால் அப்பா பக்கத்தில் இருப்பவர் யாரென்று பார்க்கமாட்டார், அதட்டிக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது. “காத்துக்கு எதுக்க நிக்காத, மூஞ்சி வெந்துடும்” என்றார். “கொறட்ட இப்படிப் புடி” என்றார். பிறகு சிரித்தேவிட்டார். “சின்னதுல பட்டைய கால் மேல போட்டுக்கினியே, அம்மா உன்னத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சே, ஞாபகம் இருக்குதா?”

அம்மா என்ற சொல் வந்ததும் அப்பாவின் சிரிப்பு நின்றது. தீயைக் கிளறிக்கொண்டே சொன்னார், “கடைசில உம்பேரத்தான்டா சொல்லிக்கினு இருந்துச்சு.”

“லீவு குடுக்கலண்ணா. கெஞ்சிப் பாத்தன்.”

“அத ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?”

“எழுத ஒக்காந்தா கை வரலண்ணா.”

அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். புகை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் புகை படவில்லை, நானும் அழுதுகொண்டுதான் நின்றேன். சக்கரம் மட்டும் தீக்குள் வைத்த நிறத்திலேயே கிடந்தது. “இன்னாடா இது, இன்னும் செவக்கலியே, இன்னும் நாலு போடு” என்றார் அப்பா. சித்தப்பா போட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் போட்டார். பேச்சு பழைய கதை, வயல், செத்தவர், இருப்பவர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அப்பாவே பொறுமை இழந்து இரண்டு பேருமாகக் குறட்டைப் போட்டுத் தூக்கினார்கள். சக்கரம் புட்டு போல உதிர்ந்தது. பாதி குறட்டோடு வந்தது, பாதி சாம்பலில் விழுந்து ஒழுகியது.

அப்பா குறட்டைப் பிடித்தபடியே நின்றார். “தப்பு பண்ணிட்டண்டா. இப்ப எப்டிடா போவ?” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. “பாத்துக்கலாம்ண்ணா, வா” என்று சித்தப்பா அவர் கையிலிருந்து குறட்டை வாங்கிக் கீழே வைத்தார். அன்று மதியச் சாப்பாட்டில் அப்பாவே கேட்டார், “கொழம்பு ஊத்தணுமாடா?” எனக்கு அந்த வேளையோடு உத்தியோகம் போயிற்று.

கப்பல் போயிற்று. சக்கரத்துக்கு எழுதிப் போட்டார். மழைக்காலம் பிறந்த பிறகு மரப்பெட்டியில் ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் ஏரிப்பக்கத்து நிலத்தில் கரும்பு நட்டிருந்தார். மெட்ராஸ் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கொட்டகையில் ஜாக்கி வைத்துப் புதுச் சக்கரத்தை அவர் மாட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். இந்தச் சக்கரத்தையாவது தீயில் வைத்துவிடாதீர்கள் என்று கேலியாகச் சொன்னேன்.

“அலுமினியம் செவக்காதும்மா” என்றார், தலையைத் தூக்காமல். “செவக்காமலே உருகிடும். எங்க பட்டறையில மொத வாரமே அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரிஞ்சிக்கினேவா அத்தன வரட்டியையும் போட்டீங்க? அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சித்தப்பா?”

அவர் கடைசி நட்டை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லியிருந்தா கொறட்ட கீழ போட்டுட்டு உள்ள போயிருப்பாரும்மா. அவரு எங்கிட்ட பேசிக்கினு இருந்தாரு.”