இடி கம்பத்தில் ஏறிய நாள்

என் அக்கா வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. திருடன் வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு தடவை கேட்டேன். "உள்ள இருக்கறவருக்கே பயந்துட்டு இருக்கேன். வெளியில இருந்து வர்றவன் புதுசா என்ன பண்ணிடப் போறான்?" என்றாள். அத்தான் குடித்துவிட்டு வந்து முன்வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டால், அவள் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும். தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது?

அத்தான் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். ஊருக்கு அவர் 'இடி'. கோபம் வந்தால் அப்படி. நான் அதே அலுவலகத்தில் ஏணி வண்டி ஓட்டுகிறேன். எங்களோடு மூன்றாவது ஆளாக வருபவர் 'ஒத்தக்கை'. அவரும் ஒரு காலத்தில் கம்பம் ஏறியவர்தான். மேலே இருக்கும்போது கரண்ட் பாய்ந்து, வலது கையை முழங்கைக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இப்போது தெருமுனைப் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் வேலை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கீழே கழற்றிய ஃபியூஸ் கட்டைகளை, யார் கம்பத்தில் ஏறுகிறாரோ அவரே இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். கட்டை உங்கள் இடுப்பில் இருக்கும்வரை கீழே எவனாலும் கரண்ட் கொடுக்க முடியாது. 'கட்டினவகிட்டகூட கட்டையைக் குடுக்காதே' என்று முதல் நாளே சொல்லித்தான் வேலைக்கு எடுப்பார்கள்.

கை போன அன்று ஒத்தக்கை கட்டையைக் கழற்றாமலே ஏறிவிட்டார் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. விழுந்ததில் தலையிலும் அடி. அவருக்கே அன்றைய நாள் நினைவில்லை. கூட இருந்த அத்தான்தான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். "அண்ணன் இல்லேன்னா நான் இல்ல" என்று அந்த மனிதர் சொல்லாத நாளில்லை.

இப்படி இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூடத்தில் கரண்ட் இல்லையென்று புகார் வந்தது. சரிசெய்ய உள்ளே போன அத்தான், விளக்கு எரிந்த பிறகும் வெளியே வரவில்லை. நான் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்தேன். கூட்டம் முடிந்து வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. குடித்ததாகத்தான் நினைத்தேன். குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் போனார். சில மாதங்களில் ஞானஸ்நானமும் எடுத்தார். கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில், போதகர் அவர் பிடரியைப் பிடித்து நீருக்குள் அமிழ்த்தித் தூக்கினார். "பழைய ஆள் செத்துட்டாரு. இவரு புதுசாப் பொறந்தவரு" என்றார். புதுப் பெயரும் வைத்தார்கள். ஊர் கூப்பிட்டதென்னவோ இடி என்றுதான்.

நான் அக்காவின் காதில் சொன்னேன்: "ஒரே ஒரு முக்குதான் முக்கினாரு. இந்த அழுக்குக்கு ராத்திரியே ஊறப் போட்டிருக்கணும்." அவள் சிரிக்கவில்லை.

குடி நின்றது. கை ஓங்குவது நின்றது. செருப்பை உதறாமல் மெதுவாகக் கழற்றி வைத்தார். நான் அதை நம்பவில்லை. நாய் வாலை நிமிர்த்திக் கட்டினால் கட்டு அவிழும்வரைதானே? அக்காவுக்கும் அதே பயம். "முன்னெல்லாம் எப்ப வெடிக்கும்னு தெரியும். இப்ப அதுவும் தெரியல" என்றாள். ராத்திரிகளில் அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு தன் வலது கையையே வெறித்துப் பார்க்கிறார் என்றாள். பின்கதவு தாழில்லாமல்தான் கிடந்தது.

வெடித்தது வீட்டில் இல்லை. வண்டிக் கொட்டகையில், மத்தியானம் சாப்பிடும்போது. ஒத்தக்கை சாப்பாட்டு டப்பாவை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அத்தான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னிக்கு நீ கட்டையைக் கழட்டாம ஏறல. கழட்டிட்டுத்தான் ஏறின. பையைக் கேட்டு வாங்கினவன் நான். 'என்ன, என்னையே நம்பமாட்டியா'ன்னு அதட்டினேன். நீ குடுத்துட்ட. நான் குடிச்சிருந்தேன். தெருவுல ஒருத்தன் கரண்ட் எப்ப வரும்னு கத்தினான். 'இந்தாடா கரண்ட்'னு ஆத்திரத்துல மாட்டிட்டேன். நீ மேல இருக்கறதே மறந்துபோச்சு. அப்புறம் பொய் சொன்னேன்."

ஒத்தக்கை திருகிய மூடியை மறுபடி மூடினார். எழுந்து கை கழுவப் போனார். ஒரு கையை எப்படிக் கழுவுவது? குழாய்க்கடியில் நீட்டிக்கொண்டே நின்றார். தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மேலதிகாரிகிட்டயும் சொல்லப் போறேன். உன்கிட்ட முதல்ல சொல்லணும்னுதான்" என்று அத்தான் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையை உள்ளே வைத்துக்கொண்டு நல்லவராக இருக்க முடியாதா இந்த மனிதரால்? வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும், என் அக்கா எங்கே போவாள்? வண்டியில் ஏறியதும் கேட்டும்விட்டேன். "செத்துப்போன பழைய ஆளோட பொய்யை நான் எப்படி மாப்ள வச்சுக்கிட்டு வாழறது?" என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

உடனே போய்ச் சொல்லவும் முடியவில்லை. அன்று சாயங்காலமே பெருங்காற்று அடித்து ஊரெங்கும் கம்பிகள் அறுந்தன. அதிகாரி உட்பட எல்லோரும் தெருவில்தான். வேலை முடியும்வரை நாங்கள் மூவரும் ஒரே வண்டியில் சுற்றினோம். ஒத்தக்கையின் வாயிலிருந்து 'அண்ணன்' என்ற சொல் காணாமல் போயிருந்தது. கட்டையைக் கழற்றுவார், பையை நீட்டுவார், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அத்தான் ஏறுவதை அண்ணாந்து பார்ப்பார். அந்தப் பார்வையைப் பார்த்தபிறகு நானும் வண்டியை விட்டு இறங்கி ஏணிப் பக்கமே நின்றேன்.

கடைசியாக ஒரு சரிவான தெரு. வானம் கறுத்துக் கிடந்தது. கம்பம் தெருவின் நடுவில். பெட்டியோ வளைவைத் தாண்டி, ஒரு மதிலுக்கு அந்தப்பக்கம். ஒத்தக்கை போய்க் கட்டைகளைக் கழற்றிப் பையோடு வந்தார். அத்தான் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

"நான் எப்படிக் குடுத்தேன்னு எனக்கு ஞாபகமே இல்ல" என்றார். "நீ குடுத்துக் காட்டு."

பையை அத்தான் கையில் வைத்தார். பிறகு தன் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அத்தான், வேணாம்!" என்று கத்தினேன். "பைத்தியக்காரத்தனம் பண்ணாதீங்க. அக்காவை நெனச்சுப் பாருங்க."

"ஏணியைப் பிடி மாப்ள" என்றார். பையை ஒத்தக்கையிடம் கொடுத்தார். ஒத்தக்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வளைவில் திரும்பிப் போனார்.

சரிவில் ஏணியை விட்டால் வழுக்கிவிடும். என்னால் நகர முடியாது. அத்தான் ஏறினார். நான் ஏணியைக் கட்டிப்பிடித்தபடி மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு ஆள் தலையை நீட்டி, "எப்ப சார் கரண்ட் வரும்?" என்று கத்தினான். ஏணியை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

மதிலுக்கு அந்தப்பக்கம் பெட்டியின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

மேலே அத்தானுக்கும் கேட்டிருக்க வேண்டும். கம்பியைத் தொடப்போன கை அப்படியே நின்றது. என்னைக் குனிந்து பார்த்தார். அந்த முகத்தில் பயம் இருந்தது, சத்தியமாக இருந்தது. புதிதாய்ப் பிறந்தவருக்கும் உயிர் வெல்லம்தான். இறங்கிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு கம்பியைப் பிடித்து முறுக்கத் தொடங்கினார்.

அவர் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் ஏணியை விட்டேன். இருவரும் வளைவுக்கு ஓடினோம். பெட்டி திறந்து கிடந்தது. கட்டை மாட்டும் இடங்கள் காலியாக இருந்தன. ஒத்தக்கை சாக்கடை ஓரத்தில் குந்தியிருந்தார். தோளில் பை இல்லை. சாக்கடைக் கறுப்புத் தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது.

"ஒரு கட்டையைப் பெட்டி வாய் வரைக்கும் கொண்டுபோயிட்டேன்" என்றார். "மாட்டியிருப்பேன். அதான் பையோட தூக்கிப் போட்டேன்."

அத்தான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, "தம்பி" என்றார்.

"தம்பின்னு சொல்லாத. உன்னை மன்னிச்சுட்டேன்னும் நெனைக்காத. எனக்கு இருக்கறது ஒரே கை. அதையும் உன் கையா ஆக்கிக்க எனக்கு இஷ்டமில்ல." சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஆபீசுக்கு நானும் வருவேன். என் முன்னாடி சொல்லணும். ஒரு வார்த்தை விடாம சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் அத்தான்.

வண்டியில் வேறு கட்டைகள் இருந்தன. ஒத்தக்கைதான் மாட்டினார். தெருவில் விளக்குகள் எரிந்தன. யாரோ கை தட்டினார்கள்.

மறுநாள் அத்தான் சொன்னார். அதிகாரி நம்பாமல் இரண்டாம் தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் சொன்னார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீசுக்கும் எழுதப்போவதாகச் சொன்னார்கள். இதை அக்காவிடம் யார் சொல்வது என்று நான் தவித்தேன். பழைய இடியாக இருந்தால் இப்படிப்பட்ட நாளில் வீட்டில் ஒரு சாமானும் முழுசாக மிஞ்சாது. அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒத்தக்கைக்குக் கை போனதைப் பற்றி, பொய்யைப் பற்றி, கம்பத்தில் நின்றபோது பயந்ததைப் பற்றி.

அக்கா முழுவதும் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். இத்தனை வருடத் துரு, நகரவில்லை.

"இங்க வாங்க" என்று அவரைக் கூப்பிட்டாள். "இதைக் கொஞ்சம் தட்டிப் போடுங்க."

அவர் கம்பி முறுக்கும் குறட்டை எடுத்துக்கொண்டு போய், அதன் பிடியால் மெதுவாகத் தட்டினார். அக்கா நகராமல் அவர் கைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.