ஒற்றை ஆள் டாங்கி

மலாக்காவின் காஜா பேராங் சாலையை யாராவது குறை சொன்னால் ஜெயபாலனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல் கொட்டியது யாரோ, தார் ஊற்றியது யாரோ, ஆனால் அதை உருட்டிச் சமமாக்கியது அவன் ஓட்டும் முனிசிபல் ரோலர். ஆகவே அந்தச் சாலை தன்னுடையது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். முனிசிபாலிட்டிக்கு இந்த விஷயம் தெரியாது.

அதனால்தான் நாற்பத்திரண்டு ஜனவரியில் ஜப்பான் டாங்கிகள் அந்த வழியாக மூவாருக்குப் போனபோது, ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்க, ஜெயபாலன் மட்டும் சாலையோர லோங்காங்கில், முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீரில் நின்று பல்லைக் கடித்தான். இரும்புப் பட்டைகள் அவன் சாலையைப் பிறாண்டிக்கொண்டு போயின. கோபம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. டாங்கி ரொம்பச் சின்னது. அவனுடைய ரோலர் பத்து டன். இதற்குப் பயந்தா வெள்ளைக்காரன் ஓடினான்?

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

ஜெயபாலனுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, பிள்ளை இல்லை. சாப்பாடு தங்கை அஞ்சலை வீட்டில். அஞ்சலையின் புருஷன் சேதுபதிதான் ரோலரில் அவனுக்குத் துணையாள். ரப்பர் மர விறகை வெட்டி அடுப்பில் போடுவதும், தண்ணீர் சுமப்பதும், சாம்பல் அள்ளுவதும் சேதுபதி. உயரத்தில் உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்புவது ஜெயபாலன். ஊரில் எல்லோரும் அதை ஜெயபாலன் ரோலர் என்றுதான் சொல்வார்கள். சேதுபதி அதற்கு முகம் சுளித்ததே இல்லை. சிரிப்பதற்கு ஏதாவது கிடைத்தால் அவனுக்குப் போதும், அதை மச்சான் தினமும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வேலை விட்டதும் ஹனீபா கடையில் யுத்தம் மறுபடி நடக்கும். சோளத்தைக் கருக்கி இடித்த தூளில் ஹனீபா எதையோ கலக்கிக் கொடுத்துக் கோப்பி என்பார். அதைக் குடித்துக்கொண்டே ஜெயபாலன் அடுப்புக்கரியால் மேசைப் பலகையில் வரைவான். வெள்ளைக்காரன் கிடங்கு கிடங்காக ரப்பர் ஷீட்டை வைத்திருந்து, கடைசியில் கொளுத்திவிட்டுத்தானே ஓடினான்? அதை இருபது அடுக்காக ஒரு ரோலரைச் சுற்றிக் கட்டியிருந்தால் கதையே வேறு. குண்டு வந்து படும். ரப்பர் அதை உள்ளே வாங்கும். பிறகு சுட்டவனிடமே திருப்பி அனுப்பும்.

"சுட்டவன் குனிஞ்சிட்டான்னா?" என்பான் சேதுபதி.

"பின்னால நிக்கிறவன்மேல படும்."

"சரி மச்சான், இது மணிக்கு மூணு மைல் போவுது. மூவாருக்கே பத்து மணி நேரம் ஆவுமே. அதுவரைக்கும் சண்டைய நிறுத்தி வைப்பாங்களா?"

"நாம ஏன் மாப்பிள்ளை போவணும்? அவன்தானே நம்மளத் தேடி வந்தான். ரோட்டுக்கு நடுவுல நிறுத்திட்டா முடிஞ்சிது."

மழை வந்தால் ரோலர் சேற்றில் புதையும் என்று யாரோ சொன்னதும், காலி எண்ணெய்ப் பீப்பாய்கள் கட்டி ஆற்றில் மிதக்கும் இரண்டாவது டாங்கி பிறந்தது. விமானம் வந்தால் என்ன செய்வாய் என்றதும், பச்சை விறகை எரித்து ஊரையே புகையால் மூடும் மூன்றாவது டாங்கி பிறந்தது. ஒவ்வொன்றும் ஜப்பான்காரனை மூவார் ஆற்றங்கரையில் மடக்கியது, கிம்மாஸுக்கு விரட்டியது, தைப்பூசத்துக்குள் சயாம் எல்லைக்கு அப்பால் தள்ளியது. ஹனீபா வாசல் பலகையில் பாதியை மூடிவிட்டு வந்து நிற்பார்.

"ஜெயபாலா, நீ ஜெயி. வேணாங்கலை. கொஞ்சம் மெதுவா ஜெயி, வெளிய கேக்கப் போவுது."

கேட்டுவிட்டது. நாற்பத்து மூன்று ஏப்ரலில், சாலை வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பான் அதிகாரி ஜெயபாலனைக் கூப்பிட்டனுப்பினார். அந்த மனிதர் யுத்தத்துக்கு முன்னால் மூவாரில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர், மலாய் நன்றாகப் பேசுவார். ஜெயபாலன் கழுத்தைத் தடவிக்கொண்டே போனான். போன இடத்தில் அதிகாரி ஒரு கரித்துண்டை நீட்டி, சிமெண்டுத் தரையைக் காட்டி, அந்த டாங்கியை வரை என்றார்.

விஷயம் இதுதான். சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குப் பண்டார் ஹிலிர் திடலில் ஊர்வலம். பிடிபட்ட பிரிட்டிஷ் டாங்கி ஒன்று அதில் வந்தே ஆக வேண்டும் என்று அதிகாரிக்கு ஆசை. பிடிப்பதற்கு ஒன்றைக்கூட வெள்ளைக்காரன் இங்கே விட்டு வைக்கவில்லை. இல்லாத டாங்கிக்கு ஆள் தேடினால் மலாக்காவில் ஜெயபாலனை விட்டால் வேறு யார்?

சக்கரம் வரையும்போது கோடு கோணலாக வந்தது. புகைபோக்கிக்கு வந்தபோது நேராகிவிட்டது. ரப்பர் கவசத்துக்கு வருவதற்குள் ஜெயபாலன் பாடம் நடத்த ஆரம்பித்திருந்தான். அவன் பேச்சை இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை, கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தவர்கள்தான். இந்த மனிதர் குந்தி உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இதை ஓட்ட எத்தனை ஆள் வேண்டும் என்றும் கேட்டார்.

வெள்ளைக்காரன் டாங்கி என்றால் நாலு பேர், உங்களுடையதற்கு மூன்று பேர் என்று ஜெயபாலன் தனக்குத் தெரியாத கணக்கையெல்லாம் சொன்னான். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "இதுக்கு சத்து ஓராங், துவான். ஒரே ஒரு ஆள்" என்றான். சேதுபதி அந்த நேரம் கொட்டகையில் ரோலருக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான்.

சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. மூங்கிலும் பலகையும் கட்டி, மேலே ரப்பர் ஷீட்டைச் சுற்றி, ஒரு தண்ணீர்க் குழாயைப் பீரங்கியாக முன்னால் நீட்டிவிட்டு, பிறந்தநாளன்று காலையில், அடுப்பைப் பார்த்துக்கொள்ள, சேதுபதியை யாருக்கும் தெரியாமல் உள்ளே குந்தவைத்துப் பலகையை மூடினான் ஜெயபாலன். பிறகு ஜெயபாலன் முகத்துக்கு மரவள்ளி மாவைப் பூசி, காக்கிச் சட்டை மாட்டி, வெள்ளைக்காரச் சிப்பாயாக்கி மேலே உட்காரவைத்தார்கள். மூவாரில் யுத்தத்தையே திருப்பியிருக்க வேண்டிய டாங்கி, காகிதக் கொடி பிடித்த ஜனங்களுக்கு நடுவே ஊர்ந்து போய்த் திடலில் நின்றது. சொல்லிக் கொடுத்தபடியே ஜெயபாலன் இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைந்தான். அதிகாரியின் மேலதிகாரி கை தட்டினார். ஒரே ஆள் ஓட்டும் டாங்கி என்று அதிகாரி அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குத் திரும்பிப் பலகையைத் திறந்தபோது சேதுபதி தவழ்ந்து வெளியே வந்தான். அடுப்புச் சூட்டில் ரப்பர் உருகி, நாற்றத்தில் அவன் கண் இரண்டும் வீங்கியிருந்தன. இருமிக்கொண்டே சிரித்தான்.

"மச்சான், வெள்ளைக்காரன மட்டும் இதுல ஏத்தியிருந்தா, ஜப்பான்காரனுக்கு வேலையே இருந்திருக்காது."

அடுத்த மாதம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். முன்னால் போனவர்களில் ஒருவனும் திரும்பி வராததால் அதை யாரும் நம்பவில்லை. முனிசிபல் ஆட்களில் அவசியமானவர்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்பவேண்டும் என்பது உத்தரவு. ரோலருக்கு ஒரு ஆள் போதும், ஆகவே ஜெயபாலன் இருக்கலாம், சேதுபதி போகவேண்டும் என்று வேலை வாங்கும் மண்டோர் வந்து சொன்னார்.

ஜெயபாலன் ஓடினான். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"துவான், ரோலருக்கு ரெண்டு ஆள் வேணும். அவன் இல்லாட்டி அடுப்பு எரியாது."

"ஊர்வலத்தில் நீ ஒருவன்தானே ஓட்டி வந்தாய்? நான் பார்த்தேன். எனக்கு மேலே இருப்பவரும் பார்த்தார்." கோப்பையைக் கீழே வைத்தார். "உள்ளே வேறு யாராவது இருந்தார்களா? இருந்தால், நான் அவரிடம் பொய் சொன்னவனாகிவிடுவேன்."

எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கிற மாதிரி, அமைதியாகத்தான் கேட்டார். வாள் சுவரில் மாட்டியிருந்தது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடி விழுந்திருக்கும். உள்ளே தள்ளியிருப்பார்கள். இரண்டு பேரையும் சயாமுக்கு ஏற்றியிருந்தாலும் ஏற்றியிருப்பார்கள். ஒன்றுமே நடக்காமலும் போயிருக்கலாம்.

"இல்ல துவான். ஒரே ஆள்தான்."

லாரி ஏறும்போது, போய்க் கேட்டுப் பார்த்தேன், முடியவில்லை என்று மட்டும் சேதுபதியிடம் சொன்னான். "விடுங்க மச்சான்" என்றான் சேதுபதி. "ஒருத்தராவது அஞ்சலைக்குத் துணையா இருக்கணும்ல." அஞ்சலை அவித்த மரவள்ளிக் கிழங்கை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். லாரி கண்ணுக்கு மறையும்வரை சேதுபதி சிரித்த முகமாகவே நின்றான்.

அதற்கப்புறம் ஜெயபாலன் இறங்கி விறகு போடுவான், ஏறி ஓட்டுவான், மறுபடி இறங்கித் தண்ணீர் ஊற்றுவான். ஒரே ஆள் போதும் என்று சொன்னதை நாள் முழுக்க மெய்ப்பித்துக்கொண்டிருந்தான். செமாபோக் சாலையில் அரை நாள் வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஹனீபா கடையில் யாராவது டாங்கிப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். மூவார் விழட்டும், சிங்கப்பூர் விழட்டும், அவனுக்கு அக்கறை இல்லை. முழு யுத்தத்திலும் அவன் இப்போது மனசுக்குள் ஒரே ஒரு இடத்தைத்தான் மாற்றிக்கொண்டிருந்தான். சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து எத்தனை ஆள் என்று அதிகாரி கேட்கிறார், இவன் இரண்டு ஆள் என்கிறான். விறகு போடும்போது அதை வாய்விட்டுச் சொல்லியும் பார்ப்பான்.

ஜப்பான்காரன் தோற்றான். அவனைத் தோற்கடிக்க ஜெயபாலனின் டாங்கி தேவைப்படவில்லை. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்து இறங்கினார்கள். போன வருஷத்து மழையிலேயே சேதுபதி வாந்திபேதியில் போய்விட்டான் என்று, கூட இருந்தவன் ஒருவன் சொல்ல வேண்டியிருந்தது. அது போன வருஷமில்லை, அதற்கும் முந்திய வருஷம் என்று இன்னொருவன் திருத்தினான்.

உடல் இல்லாமலே காரியம் நடந்தது. தாலி அறுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டியவன் அண்ணன். ஊரில் துணியே கிடையாது, பாதிப் பேர் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலம். ஹனீபா தன் கடைசிப் பயணத்துக்கென்று பெட்டியில் எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, ஜெயபாலன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பெண்கள் சூழ உட்கார்ந்திருந்த அஞ்சலை, துணியோடு வந்து நின்ற அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போறப்ப சொல்லிட்டுப் போனாருண்ணே. 'எனக்காக உங்கண்ணன் அந்த ஜப்பான்காரன் முன்னாடியே போய் நின்னாரு, எவன் நிப்பான் அப்படி'ன்னாரு."

ஜெயபாலன் வாயைத் திறந்தான். பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையின் முகத்தில் அவன்மேல் துளிக்கூட வருத்தம் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஆமாம்மா" என்றான். "போய் நின்னேன்."

அஞ்சலை தலையைக் குனிந்து கொடுத்தாள். அவன் துணியைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினான்.