வேற்று கிரகத்தில் ஒரு போர்வெல்

போன வெள்ளிக்கிழமை காலை நான் வேற்று கிரகத்தில் இருந்தேன். உட்கார்ந்திருந்தது என்னவோ திருச்சுழி பக்கம், எங்கள் சரசக்காவின் காட்டில், வேப்ப மர நிழலில்தான். போர் போடும் வண்டி சொன்ன நேரத்துக்கு என்றைக்கு வந்திருக்கிறது? அதனால் கையோடு ஒரு நாவலைக் கொண்டு போயிருந்தேன்.

பழைய ஆங்கில விஞ்ஞான நாவல். நான் பிறக்கும் முன்பே எழுதியது. கல்லூரியில் ஒரு தடவை, கல்யாணமான புதிதில் ஒரு தடவை... இரண்டு முறையும் ஐம்பதாம் பக்கத்தில் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். காற்றழுத்தம், சூரியனின் தூரம், பாறையின் கனம் என்று எழுதிய மனிதர் கணக்குப் போட்டே கொல்கிறார்!

"அந்த விஞ்ஞானமே பாதி பழசாயிருச்சுய்யா, இப்பப் போய் இதையா?" என்று நண்பர்கள் கிண்டல். வாஸ்தவம்தான். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிறவர்கள் பென்சிலும் பேப்பருமாக அலைகிறார்கள். இருந்தாலும் இந்த முறை விடுவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

அக்காவுக்கு அன்று பெரிய பரீட்சை. ஏற்கெனவே இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புகை. தண்ணீர் வராமல் பாறைத் தூள் பறந்தால் இங்கே அப்படித்தான் சொல்வோம். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் செந்தில் கறாராகச் சொல்லிவிட்டான் — இதுதான் கடைசி, இதுவும் புகைந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா அவனோடு போய்விட வேண்டும். அக்காவும் தலையாட்டிவிட்டாள். பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று தாய்மாமனாக நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த இரண்டாவது மாடி வீட்டை நினைத்தாலே அக்காவுக்கு மூச்சு முட்டும்.

"காலையிலயிருந்து தலையத் தூக்காமப் படிக்கிறயே, அப்படி என்னதாண்டா இருக்கு அதுல?"

சொன்னேன். வறண்ட கிரகம். மனிதர்கள் போன கப்பல் பழுது. எரிபொருள் தயாரிக்கத் தண்ணீர் வேண்டும். துளை போட்டுத் தேடுகிறார்கள்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மழை எந்த மாசம் அங்க?"

"பதினோரு வருசத்துக்கு ஒரு மழைக்கா."

"ஆத்தாடி! பெறகு உசுருக என்னத்தக் குடிக்கும்?"

புரட்டினேன்... இருக்கிறது! அந்த ஊர்க்காரர்கள் ஆமை மாதிரி தட்டையான ஜீவன்கள். மழையில் குடித்ததை முதுகில் சேர்த்துக்கொண்டு மண்ணுக்குள் அடங்கிக் கிடப்பார்கள்.

"வெதை?" அதுவும் இருக்கிறது. "காத்து எந்தத் திக்குல அடிக்கும்?" அதுவும்! நான் இரண்டு முறை அலுத்துத் தூக்கிப்போட்ட பக்கங்களில்தான் அத்தனை பதிலும் இருந்தது. இதை எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

"அந்த ஊர்க்காரவுகளும் போர் போடுறாகளா?"

"இல்லக்கா. வந்தவுகதான் போடுறாக. ஊர்க்காரவுக மண்ணுக்குள்ளயிருந்து தலைய நீட்டி வேடிக்கை பாக்குறாக."

"பாக்காம பின்ன!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. முந்நூறு அடி, புகை. ஐந்நூறு, புகை. எங்கள் தலை, வேப்ப மரம், நாவல், எல்லாம் வெள்ளை. எழுநூறில் ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு ராடு இறக்கிப் பாக்கவாம்மா?"

"போதும்ய்யா. நிப்பாட்டுங்க."

யோசித்துப் பாருங்கள்... இந்தக் கரிசல் காட்டை எப்படியாவது தஞ்சாவூராக்கிவிட வேண்டும் என்று எத்தனை துளை போட்டிருக்கிறோம்! பிறந்த ஊரிலேயே கப்பலில் வந்து இறங்கியவர்கள் மாதிரி.

செந்தில் போன் பண்ணினான். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"தண்ணி வரலப்பா... ஆமா, வாரேன்னு சொன்னேன்தான். இப்ப மாத்திச் சொல்றேன். நான் வரல. புரட்டாசி மழைக்குக் குதிரைவாலி வெதைக்கப் போறேன். அதுக்குப் போர் வேணாம்."

அந்தப் பக்கம் கத்தல். போன் என் கைக்கு வந்தது. "மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. அக்காவைப் பார்த்தேன். தூள் படிந்த முகத்தில் கண் இரண்டும் அசையவே இல்லை.

"சொல்றேன்ப்பா. உங்கம்மா வரல. வெதைப்புக்கு நீ ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா." போனை வைத்துவிட்டேன். இன்னும் மருமகன் என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா கேட்டாள். "ஏண்டா, அந்தக் கப்பல்காரனுக ஊரு போய்ச் சேந்தானுகளா?"

"இன்னும் நாப்பது பக்கம் இருக்குக்கா."

"சேரட்டும், பாவம். அந்த ஊர்க்காரவுகளப் பத்தி நான் கேக்கல. அவுக எங்க போகப்போறாக?"

பஸ் பாளையம்பட்டி வருவதற்குள் நாற்பது பக்கத்தையும் முடித்துவிட்டேன். கப்பல்காரர்களும் சரி, ஊர்க்காரர்களும் சரி, யாரும் எங்கும் போகவில்லை.