அள்ளாத சாம்பல்

“கரிஞ்சு போனதைப் பாக்கதுக்கு ஒரு காலேஜாட்டி? நான் ஒரு பானையை அடிபிடிக்க வச்சுத் தாரேன், வீட்லயே இருந்து பாரு!”

தொல்தாவரவியல் படிக்கப் போகிறேன் என்றபோது அம்மா சொன்னது இது. நாங்கள் பிழைக்க வந்த இந்த மலையாள ஊரில், தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் அம்மா காய் நறுக்குகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு வருஷமாகிவிட்டது.

வேலை இதுதான். அகழாய்வுக் குழியின் மண்ணைத் தண்ணீரில் கொட்டிக் கலக்க வேண்டும். மண் அடியில் தங்கும், கரி மிதக்கும். அதை வடிகட்டி, நிழலில் உலர்த்தி, மைக்ரோஸ்கோப்பில் விதை விதையாகப் பிரிக்க வேண்டும். எரியாத விதை மட்கிப் போய்விடும். கரிந்த விதை தப்பித்துவிடும். எந்தக் காலத்திலோ யாரோ கொள்ளு வறுக்கும்போது சிந்தியது, இன்று என் விரல் நுனியில்... சிலிர்க்காதா?

சென்ற வாரம் வந்தது ஒரு பழங்கால அடுப்பின் மண். கொள்ளு கொஞ்சம்தான். களைவிதைகள் ஏராளம். “பஞ்சம்தான். களைவிதையைத் தின்னு பிழைச்சிருக்காங்க” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார், சீனியர் அனுபமா சேச்சி. எங்கள் பேராசிரியை – இங்கே எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான் – அவரும் தலையாட்டினார். மறுநாள் அறிக்கை போக வேண்டும். விதை பிரித்தவர் என்று அதில் என் பெயர்!

எனக்கு உறுத்தியது. ஏனென்றால் இந்தக் குப்பையை எனக்குத் தெரியும்.

எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பு. கட்டட வேலையில் கழித்த பலகைத் துண்டுகளை அப்பா கொண்டுவருவார். ஊரிலிருந்து சித்தி அனுப்பும் கொள்ளை அம்மா சொளகில் புடைப்பார். ஒதுங்கிய களைவிதையை அப்படியே அடுப்பில் தட்டுவார். “வெளிய போட்டா மழைக்கு மொளச்சிரும்லா!”

சொன்னால், இன்னும் விறகடுப்பா என்று கேட்பார்களே? ஆய்வகத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்லாவிட்டால்? ஒருவேளை வயிறாரச் சாப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு, என் பெயரைப் போட்டுப் பஞ்சப்பட்டம்.

சொல்லிவிட்டேன். “டீச்சர், அது தின்னதா இருக்காது. புடைச்சு அடுப்புல போட்டதா இருக்கும். எங்க அம்மா எப்பவும் அப்படித்தான் செய்றாங்க.”

சேச்சி சிரித்தார். “நின்றெ வீட்டு அடுப்பு வந்து சாட்சி சொல்லுமோ மோளே?”

டீச்சர் சிரிக்கவில்லை. “சொல்லட்டே! சாம்பல் கொண்டு வா, நோக்கலாம். அதுவரை ரிப்போர்ட் போகண்டா.”

நான் சொன்னதை அவர் நம்பிவிடவில்லை. தள்ளிவிடவும் இல்லை. தன் தலையாட்டலையே நிறுத்திவைத்துவிட்டு, எங்கள் சாம்பலிலும் இதே குப்பை மிதக்கிறதா என்று சோதித்துப் பார் என்றார். இந்தப் படிப்பில் நான் மயங்கியது இந்த இடத்தில்தான்.

நாலு நாள் சாம்பலை அள்ளக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன்.

“கிறுக்கா ஒனக்கு? அப்போ சாம்பலில்லாம பாத்திரத்தை ஒன் டீச்சரா வந்து வெளக்குவாவ?”

திட்டினார். ஆனால் அள்ளவில்லை. அந்த வாரமும் கொள்ளு புடைத்தார்.

இன்று காலை சாம்பலைப் பையில் போட்டுச் சீட்டு எழுதினேன். இடம்... நாள்... சேகரித்தவர்... எழுத்து தெரியாத அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்னட்டி எழுதுத?”

“சேகரிச்சவங்கன்னு உன் பேரு.”

“கரிஞ்சதுக்கா?”

“கரிஞ்சதுக்குத்தாம்மா!”

மதியமே ஆய்வகத்தில் தண்ணீரில் கொட்டிக் கலக்கியாயிற்று. மிதந்ததெல்லாம் நிழலில் காய்கிறது – பக்கத்தில் சீட்டு, அம்மாவின் பெயரோடு.